சகலையின் பழைய பஸ்

என் சகலை வேலாயுதம் இலங்கையில் சொந்தமாக பஸ் வைத்திருக்கிறான், அதை அவனே ஓட்டுகிறான் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. நானும் டிரைவர்தான். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பதினாறு வருஷமாக அடுத்தவன் பஸ்ஸை ஓட்டுகிறேன். அதில் ஒரு சாமி படம் மாட்டுவதற்குக்கூட முதலாளியிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். என் காதுபடவே மாமனார், "சின்ன மாப்பிள்ளை சொந்த வண்டிக்காரரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னால் வயிறு எரியாதா? எரிந்தது. மறைப்பானேன்.

கடைசி மைத்துனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. சின்ன மாப்பிள்ளைக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது, பெரிய மாப்பிள்ளை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்று மாமனார் முடிவு கட்டினார். முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கினேன். மாமனார் பேச்சைத் தட்ட முடியவில்லை என்று எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேன். உள்ளே இருந்த ஆசை வேறு. அந்த பஸ்ஸை ஒரு தடவையாவது என் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டு, "பூ, இவ்வளவுதானா!" என்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் கடல் தாண்டினேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் விடிகாலையில் இறங்கியபோது குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. நான் போட்டிருந்தது திருச்சி வெயிலுக்குத் தைத்த ஒற்றைச் சட்டை. வேலாயுதம் தலையில் கம்பளித் தொப்பியும் காலில் பூட்சுமாக நின்றிருந்தான். தன் கழுத்து மப்ளரைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டு, "வாங்கண்ணே, வண்டி வெளிய நிக்குது" என்றான். வண்டி என்ற அந்தச் சொல்லை அவன் அழுத்திச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. ஒருவேளை அழுத்தாமலே சொல்லியிருக்கலாம்.

பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்கு ரொம்ப முந்தின பஸ். மூக்கு நீண்டு, விளக்கு இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. உடம்பு முழுக்கப் பலா மரப் பலகை. ஜன்னலில் கண்ணாடி கிடையாது; மழைக்கு இறக்கிவிட ரப்பர் படுதா. ஹார்ன் என்று டிரைவர் பக்கம் ஒரு ரப்பர் குமிழ். எங்கள் முதலாளி இதைக் கோழி அடைக்கக்கூட வாங்க மாட்டார். "ரொம்பப் பழசோ?" என்று இரக்கம் காட்டுகிற குரலில் கேட்டேன்.

"ஆமாண்ணே. என்னைவிடப் பத்து வயசுதான் எளசு" என்று பெருமையாகச் சொன்னான். அதில் வெட்கப்பட ஏதாவது இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை.

வண்டியின் கண்டக்டர் இருளப்பன் என்கிற நாற்பது வயதுக்காரர். முன்னால் கம்பியைச் செருகி அவர் ஒரே சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் புது பஸ் மார்கழியில் நாலு பேர் தள்ளினாலும் முக்கும். இந்த எஞ்சினோ அடித்தொண்டையில் நிதானமாகப் பேசியது. எனக்கு எஞ்சின் சத்தம் தெரியும். அது நன்றாகக் கவனிக்கப்படுகிற எஞ்சின். குளிர்ந்த மனசு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம், நடுவே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் போதுமான ரோடு. எங்கள் ஊரில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது என்று சண்டை. இங்கே ஹார்ன் கேட்டதுமே எதிரே வந்த லாரி அகலமான இடம் பார்த்து நின்றுவிட்டது. அதன் டிரைவர் சிங்களவர். கையை உயர்த்திச் சிரித்தார். வேலாயுதம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர் வீட்டு மாட்டுக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்ததாக இருளப்பன் எனக்குச் சொன்னார். பதினாறு வருஷத்தில் எதிரே வந்த ஒருவனுடைய மாட்டைப் பற்றி நான் கேட்டதில்லை.

இருளப்பனுக்கு டிக்கெட் கொடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. சில வளைவுகளை அந்த நீள மூக்கு ஒரே திருப்பில் திரும்பாது. பாதி திரும்பி, பின்னால் வந்து, மறுபடி திரும்ப வேண்டும். பின்னால் வருகிற நேரத்தில் இவர் ஒரு முக்கோணக் கட்டையோடு குதித்துப் பின் சக்கரத்துக்கு அடியில் வைப்பார். வண்டி கட்டையில் சாய்ந்து நிற்கும். பிறகு அது முன்னேறியதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தொற்றிக்கொள்வார். பயணிகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதையும் நிறுத்தவில்லை. பள்ளத்தைப் பார்த்த நான்தான் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

மேட்டுக்கு முன்னால் பாதையோரம் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. வேலாயுதம் வண்டியை நிறுத்தி இறங்கிக் கற்பூரம் கொளுத்தினான். ரோதமுனி என்றான். தேயிலைப் பாக்டரியில் சுழல்கிற உருளைகளுக்கு இங்கே ரோதை என்று பெயர். சுழல்கிறதெல்லாம் அந்த முனியின் காவலில்தானாம், பஸ் சக்கரமும் சேர்த்து. சக்கரத்துக்கென்றே ஒரு சாமியை இந்த ஜனங்கள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாமியும் இவன் பக்கம்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மைத்துனி கனகம் கதவருகிலேயே அக்காவை விசாரித்து அழுதுவிட்டாள். பத்திரிகையை வைத்து அழைத்தேன். காலைச் சாப்பாட்டுக்குத் தடிமனான கோதுமை ரொட்டியும் மாசிக் கருவாடு போட்டு இடித்த தேங்காய்ச் சம்பலும். முதல் வாயில் காது அடைத்தது, நாலாவது ரொட்டியைக் கேட்டு வாங்கினேன். தேயிலை நாட்டில் தேநீர் அமிர்தமாக இருக்கும் என்று நினைத்தேன். வந்தது சாயத்தண்ணீர், பாலும் இல்லை, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிவிடுகிறது, எங்களுக்குத் தூள்தான் என்று கனகம் சிரித்தாள். காப்பி இல்லாத இந்த ஒரு குறையை நான் பத்திரமாக மனதில் எழுதிக்கொண்டேன். ஊரில் போய்ச் சொல்ல ஏதாவது வேண்டாமா?

இரண்டாம் நாள் முழுக்க வண்டியிலேயே போய் வந்தேன். டிரைவருக்கு இடப்பக்க சீட்டு எனக்கு. அது தோட்டத்து கண்டாக்கையா வந்தால் மட்டும் கொடுக்கிற சீட்டாம். வேலை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தருக்கு அங்கே அந்தப் பெயர். மரியாதைதான். எனக்கோ அதற்கு வலப்பக்க சீட்டு வேண்டும். அவன் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கியர் பெட்டி. க்ளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிப் போட வேண்டும். நேரம் தப்பினால் பல்லோடு பல் உரசி அலறும். அவன் கையில் அலறவே இல்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் மலைச்சரிவில் நிமிர்ந்து நின்று கை காட்டினார்கள். அவன் குமிழை இரண்டு தரம் அமுக்கினான். அது அவர்களுக்கு மணி என்ன என்று சொல்வதாம். இவன் வண்டியை வைத்துத்தான் அந்தச் சரிவில் நேரம் ஓடியது.

இறக்கத்தில் வண்டி முனகிக்கொண்டு நத்தை மாதிரி இறங்கியது. "ஏன் தம்பி, இறக்கத்துல எதுக்குக் கியரு? நியூட்ரல்ல விட்டா தானா உருண்டு போகுமே, பெட்ரோல் மிச்சம்" என்றேன். எங்கள் ரூட்டில் எந்த இறக்கத்தைக் கண்டாலும் கியரைத் தள்ளிவிட்டு உருட்டுவோம். ராத்திரி டாங்கில் குச்சி விட்டு அளந்து பார்க்கிற முதலாளியிடம் வேலை செய்கிறவனுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

வேலாயுதம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "இங்க அது ஆகாதுண்ணே. எந்தக் கியர்ல ஏறுனோமோ அதே கியர்லதான் எறங்கணும். இது கம்பி பிரேக்கு. சூடு கண்டுச்சுன்னா கால்ல ஒண்ணும் இருக்காது."

சொந்தக்காரன், பெட்ரோலைக் கொட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான் எனக்கு.

மூன்றாம் நாள் மழை. படுதாக்களை இறக்கினார்கள். உள்ளே ஈரக் கம்பளியும் சுருட்டும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை. நடுவழியில் ரேடியேட்டர் கொதித்தது. எங்கள் ஊரானால் பயணிகள் டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்கள். இங்கே ராக்கம்மா என்ற கொழுந்துக்காரப் பெண் கொழுந்துக் கூடைக்கு மேல் வைத்திருந்த தகர டின்னை எடுத்துக்கொண்டு இறங்கி, பாறையிலிருந்து கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடித்து வந்தாள். "நம்ம வண்டிக்குத் தாகம் எடுத்துருச்சு" என்றாள். நம்ம வண்டியாம். சொந்தக்காரனுக்கு மேல் சொந்தம் கொண்டாடினார்கள். என் வண்டியை நானே நம்ம வண்டி என்று சொன்னதில்லை. முதலாளி காதில் விழுந்தால் என்னாவது?

அன்று மாலை வேலாயுதம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். பாக்டரி பிட்டர் அடித்துக் கொடுத்த ஒரு இரும்புப் பட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தான். இந்த வண்டிக்கு இனிமேல் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது, எல்லாம் கையால் செய்ததுதான் என்றான். இருள்கிற நேரத்தில் எண்ணெய்த் துணியால் மூக்கிலிருந்து பின்பலகை வரை துடைத்தான். ஓடி முடிந்த வண்டியை நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை, வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவேன். அவன் துடைப்பதைப் பார்த்தபோது எனக்கு அழுகை மாதிரி ஏதோ வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

மூன்று நாளும் நான் வாய் விட்டுக் கேட்கவில்லை. பெரிய மாப்பிள்ளை கேட்பதா? அவனாகத் தரட்டும் என்று இருந்தேன். நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் கனகம் மானத்தை வாங்கிவிட்டாள். "என்னங்க, மாமா வந்த நாள்லேருந்து அந்த ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு தடவை புடிக்கத்தான் குடுங்களேன்."

"அய்யோ, எனக்கெதுக்கும்மா, ஊர்ல பாத்துச் சலிச்சதுதானே" என்றேன். வேலாயுதம் என் முகத்தைப் பார்த்தான். "நாளைக்கு நீங்கதாண்ணே ஓட்டுறீங்க" என்றான்.

ஐந்தாம் நாள், ஹட்டனிலிருந்து திரும்புகிற கடைசி ஓட்டம். சாயங்காலம் நாலு மணி, மழை விட்டிருந்தது. டிக்கோயா தாண்டியதும் அவன் இறங்கி எனக்கு இடம் விட்டு, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தான். உள்ளே சந்தைக்குப் போய் வந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள், கோஸ் மூட்டைகள். "ஊர்லேருந்து வந்த அண்ணன் ஓட்டுறாரு, பெரிய டிரைவரு" என்று இவன் திரும்பிச் சொன்னதும் ராக்கம்மா, "பாத்து ஓட்டுங்கண்ணே" என்றாள்.

என்ன சொல்ல! அந்த ஸ்டியரிங் கட்டை கை பட்டுப் பட்டு வழுவழுப்பாகியிருந்தது. எஞ்சின் துடிப்பு உள்ளங்காலில் ஏறியது. முதல் கியர் அலறியது, இரண்டாவதை அலறாமல் போட்டேன். அதற்குப் பிறகு ஏறினேன் ஐயா, ஏறினேன். நீள மூக்கு மலையை முகர்ந்துகொண்டு போனது. ஒரு வளைவில் குமிழை அமுக்கினேன். சரிவிலிருந்து யாரோ கை காட்டினார்கள், எனக்குத்தான் காட்டினார்கள். பதினாறு வருஷத்தில் ஓட்டியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்தது. "பூ, இவ்வளவுதானா" என்பது மறந்தே போய்விட்டது. இது என்னுடையதாக இருக்கக்கூடாதா என்ற ஒன்றுதான் நெஞ்சு முழுக்க.

மேடு முடிந்து இறக்கம் தொடங்கியது. அங்கேதான் புத்தி கெட்டது. இவன் வண்டியை இவனைவிட நன்றாக ஓட்டிக் காட்ட வேண்டும், இதே பெட்ரோலில் இரண்டு மைல் கூட வாங்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. கை தானாகக் கியரைத் தள்ளி நியூட்ரலில் விட்டது. முனகல் நின்றது. பலகைகள் கிறீச்சிட, காற்று முகத்தில் அடிக்க, வண்டி உருண்டது.

"அண்ணே, கியரு" என்றான் வேலாயுதம்.

பிரேக்கை மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. இன்னொரு வளைவு. மறுபடி மிதித்தேன். தீய்ந்த நாற்றம் வந்தது; காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. கியரைப் போடப் பார்த்தேன், பல்லெல்லாம் சேர்ந்து அலறியதே தவிர விழவில்லை. பின்னால் பெண்கள் முருகா முருகா என்றார்கள். வேலாயுதம் கத்தவில்லை. கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில், "பள்ளத்துப் பக்கம் பாக்காதீங்க. மலைப்பக்கம் சாத்துங்க. மெதுவா சாத்துங்கண்ணே" என்றான்.

சாத்தினேன். இடப்பக்கம் முழுக்க மண் கரையில் உரசிக்கொண்டு போயிற்று. பலகை ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன்சக்கரம் ரோட்டோர வாய்க்காலுக்குள் இறங்க, வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. கோஸ்கள் ரோட்டில் உருண்டு போயின. ராக்கம்மாவுக்கு நெற்றியில் புடைப்பு. இருளப்பனுக்கு முழங்கை சிராய்ப்பு. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றுமில்லை. வாசல் கரையோடு அடைபட்டிருந்ததால் டிரைவர் பக்கமாக ஒவ்வொருவரையும் இறக்கினான் வேலாயுதம். முதலில் என்னை இறக்கினான். கடைசி ஆள் இறங்கியதும் அவன் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அரைமணியில் போலீஸ் சார்ஜண்ட் சைக்கிளில் வந்தார். சிங்களத்தில் கேட்டார். யார் ஓட்டியது?

"நான்தான் மஹத்தயா" என்று சிங்கள மரியாதையோடு சொன்னான் வேலாயுதம்.

சார்ஜண்ட் என்னைப் பார்த்தார், என் திருச்சிச் சட்டையைப் பார்த்தார். என் லைசென்ஸ் இந்த நாட்டில் செல்லாது. பாஸ்போர்ட்டில் நான் தங்குவதற்கு எழுதியிருந்தது ஒரு மாதம்தான். வாயைத் திறந்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் மூடிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. அவர் பெண்கள் பக்கம் திரும்பி அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"முதலாளிதான் ஓட்டுனாரு" என்றாள் ராக்கம்மா, புடைப்பைப் பிடித்துக்கொண்டு. இன்னொருத்தியும் அதையே சொன்னாள். இருளப்பனும் சொன்னார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை, ஒருத்தர்கூடத் தடுமாறவில்லை. இவர்கள் சட்டம் பறித்துக்கொண்ட குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற ஜனங்கள். காக்கித் தொப்பியைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள். அவனுக்காகத் தொப்பியின் முகத்துக்கு நேரே பொய் சொன்னார்கள்.

எனக்காக அப்படிச் சொல்ல திருச்சியில் ஒரு ஆள் உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். தப்பு செய்தவன் நான், தப்பித்தவன் நான். ஆனாலும் அந்த நேரத்தில்கூட அவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு பிறவி நான்.

சார்ஜண்ட் வேலாயுதத்தின் லைசென்ஸை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழக்கு முடிகிற வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

இரண்டு நாள் பாக்டரித் தச்சர் வந்து இடப்பக்கத்துக்குப் புதுப் பலகை அடித்தார். பெயின்ட் அடிக்க நேரமில்லை. கனகம் என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள், ரொட்டியும் சம்பலும் அதே ருசிதான், அதுதான் தாங்கவில்லை. "தம்பி, நான் ஸ்டேசனுக்குப் போய் உண்மையச் சொல்லிடுறேன்" என்றேன் ஒரு இரவு. "சொல்லி? உங்களையும் புடிச்சு வச்சுக்குவாங்க, எனக்கும் லைசென்சு வராது. அங்க பொண்ணுக் கல்யாணத்துல பெரிய மாப்பிள்ளை இல்லாம யாரு நிக்கிறது? பேசாம படுங்கண்ணே" என்றான்.

நான் கிளம்புகிற நாள் வந்தது. வண்டியை ஓட்ட லிந்துலையிலிருந்து சம்பளத்துக்கு ஒரு டிரைவரைப் பிடித்திருந்தார்கள். மெலிந்த ஆள், முப்பது வயதிருக்கும், தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான். வேலாயுதம் என்னை ஹட்டனுக்கு வழியனுப்ப வந்தான். தன் பஸ்ஸில் பயணியாக அவன் உட்காருவது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தான், எடுத்தான், முன்கம்பியைப் பிடித்தான். இடப்பக்கப் புதுப் பலகை ஓரமாக நானும் அவனும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

இருளப்பன் கம்பியைச் சுற்றினார். புது டிரைவர் ரோதமுனி கல்லுக்கு நிறுத்தினான். குமிழை அமுக்கினான். சரிவில் பெண்கள் அவனுக்கும் கை காட்டினார்கள். வேலாயுதம் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

பெரிய வளைவு வந்தது. "இப்பப் பாருங்கண்ணே" என்று என் காதில் சொன்னான். "இங்க ரெண்டாவது கியரப் போட்டுட்டுத்தான் திருப்பணும். இவன் போடமாட்டான். பாத்துக்கிட்டே இருங்க, அலறப் போவுது."

"போடமாட்டான்" என்றேன் நானும்.

இரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு அவன் கையையே பார்த்தோம். அவன் க்ளட்சை இரண்டு தரம் மிதித்தான், நடுவில் ஒரு தட்டுத் தட்டினான். இரண்டாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. வண்டி வளைந்து ஏறியது.

நன்றாகத்தான் ஓட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பொறுக்கவில்லை.